மிச்சத்தை மடித்துத் தைத்தவர்

அவரைப் பற்றி நிதானமாக எழுத என்னால் முடியாது. மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. துணியையும் ஊசியையும் வைத்துக்கொண்டு அப்படியொரு வேலை செய்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செய்து முடித்ததைத் தானே உட்கார்ந்து பிரித்துப்போடுகிற ஆளையும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்ததுதான் பிரச்சினை.

அவர் தம்பியின் ரெடிமேட் கடைக்கு மேலே, சிமெண்ட் ஷீட் போட்ட நீள அறை அவருடையது. அம்மாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அந்தக் கடைக்குப் போனவள், மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டிருந்த ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மழைக்கு முந்தைய கடற்கரைச் சாலை. சாம்பல் நிறப் பள்ளிக்கூடக் கால்சட்டைகளாலேயே ஒரு வானம். அதற்குக் கீழே யாரோ கோலப்பொடி விற்கிற மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வானத்தில் ஒரு இடத்தில் பொத்தான் துளை தெரிந்தது, இன்னொரு இடத்தில் மை சிந்திய கறை.

"மேல யாருங்க?" என்று கேட்டேன்.

"எங்க லாத்தாதான், மூத்த அக்கா. போய்ப் பாருங்க, கடிக்க மாட்டாங்க" என்றார் தம்பி.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. விஸ்காம் முடித்துவிட்டு, முதலியார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். இந்த ஊரில் ஒரு பெரிய கலைஞரைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருக்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று படியேறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு நாற்பத்தைந்து இருக்கலாம். ஒல்லி. தலைத்துணி நழுவினால் ஊசி பிடித்த கையாலேயே இழுத்துவிட்டுக்கொள்வார், கண்ணில் குத்திக்கொள்ளப்போகிறாரே என்று எனக்குப் பதறும். பன்னிரண்டு வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தையலில் தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. "தப்பு யாரோடதுன்னு நோட்டுல எழுதணும். துணி யாரோடதுன்னு ஒரு நாளும் தெரியாது" என்றார் ஒருமுறை. அந்த வேலையைப் பற்றி அவர் சொன்னது மொத்தமே இவ்வளவுதான்.

அவர் செய்ததை வெளியில் குவில்ட் என்பார்கள். துண்டுத் துணிகளை இணைத்து மேல் பக்கம் ஒரு சித்திரம், அடியில் கெட்டியாக ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல். மெத்தை மாதிரிதான், ஆனால் சுவரில் மாட்டுவதற்கு. அவர் 'ஒட்டு' என்று மட்டும் சொல்வார். "இந்த ஒட்டு முடிஞ்சிருச்சு", "அந்த ஒட்டுல இன்னும் வானம் பாக்கி".

ஆனால் அவருடையதில் பஞ்சு கிடையாது. அங்கேதான் ஆரம்பிக்கிறது எல்லாம்.

கடையில் துணி வாங்கித் தைக்க மாட்டார். யாராவது உடுத்தியதுதான் வேண்டும். கொடுக்கிறவர்களிடம் வாங்கும்போதே சொல்லிவிடுவார்: "வேணும்னா வந்து கேளுங்க. எப்ப வேணாலும்." வாய் வார்த்தைக்குச் சொல்வதில்லை. ஒரு சட்டையில் அவருக்கு வேண்டியது உள்ளங்கை அகலம்தான் என்றாலும் சட்டையை வெட்ட மாட்டார். வேண்டிய இடத்தை மேலே விட்டு, மிச்சத்தை அடியில் மடித்து மடித்து வைத்துத் தைத்துவிடுவார். அந்த மிச்சம்தான் அவருக்குப் பஞ்சு. எந்த ஒட்டையும் பிரித்தால் உள்ளே முழுச் சட்டைகளும் பாவாடைகளும் அப்படியே இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் முழுசாகக் கொடுக்க வேண்டுமே, அதற்காக.

இதனால் என்ன ஆகும்? ஒட்டு மேடும் பள்ளமுமாக இருக்கும், இடத்துக்கு இடம் கனக்கும். சுவரில் மாட்டினால் ஒரு பக்கம் இழுக்கும். "அக்கா, மிச்சத்த வெட்டிட்டா எவ்வளவு தட்டையா, நீட்டா வரும் தெரியுமா?" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"வெட்டிட்டா எப்பிடிம்மா குடுக்கறது?"

"யாருக்கா வந்து கேக்கப்போறாங்க?"

வந்து கேட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் நான் பார்த்தது அந்த ஆட்டோக்காரர். ஆட்டோவை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தபோது காக்கிச் சட்டையை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அது சந்தைக் காட்சி ஒன்றில் கருவாட்டுக் குவியலாக மாறி, முழு ஒட்டும் முடிந்து, முந்தைய நாள்தான் நான் நாற்பது கோணத்தில் போட்டோ எடுத்திருந்தேன். மறுநாள் மனிதர் படியேறி வந்தார்.

"அக்கா, மறுபடி ஆட்டோவே ஓட்டலாம்னு இருக்கேன். அந்தச் சட்ட இருக்குதா?"

"இருக்கே."

"சட்டகூட வேணாங்க்கா. பாக்கெட் மட்டும் இருந்தா போதும். ராசியான பாக்கெட்டு."

"பாக்கெட்ட மட்டும் எப்பிடிக் குடுக்கறது? சட்டையாவே எடுத்துக்கோங்க" என்று பிளேடை எடுத்துவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். "அண்ணே, நான் உங்களுக்குப் புதுச் சட்டை வாங்கித் தரேன்" என்றேன். ஆட்டோக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "புதுச்சட்ட எங்கிட்டயே நாலு இருக்குதும்மா" என்றார்.

அரைமணி நேரத்தில் கருவாட்டுக் குவியல் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைக்கலாம் இல்லையா? மாட்டார். ஓட்டையைச் சுற்றி, பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது போல நெருக்கமாக ஓரம் தைத்து அப்படியே விட்டுவிடுவார். அந்தப் பக்கம் சுவர் தெரியும்.

"அந்த எடம் அவரோடதும்மா" என்றார். "அவரு இருந்தாரு, போயிட்டாரு. நான் வேற ஆள உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அழுகையே வந்தது. நாற்பது போட்டோவும் வீண்.

ஆனாலும் விட்டுவிடவில்லை. வெள்ளை டவுனில், பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்றில், கேலரி வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். அறுபது வயது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம், பாதி வருடம் பாரீஸ் பக்கம், மீதி இங்கே. எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி முசே என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் கண்ணாடி தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குறுகல் படியேறி வந்தார். ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தார். காக்கிச் சட்டை போன ஓட்டை முன்னால் வந்ததும் கையைத் தட்டினார்.

"மதாம்! மானிஃபீக்! பிரமாதம்! இந்த ஓட்டதான் ஆர்ட். இல்லாதது இருக்கறத பேசுது பாருங்க. இது மாதிரி எல்லாத்துலயும் நாலஞ்சு ஓட்ட போட முடியுமா?"

அக்கா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "கேட்டவங்க யாரு?"

"நான்தான் கேக்கறேன்."

"நீங்க துணி குடுக்கலியே."

"இல்ல மதாம், ஒரு டிசைனா..."

"யாரும் கேக்காம நான் எப்பிடிங்க பிரிக்கறது?"

முசே என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் சிரித்துவிட்டு, பெரிதாக ஒன்று செய்யுங்கள், கண்காட்சி வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டை விஷயத்தை மறுபடி பேசவில்லை.

இதற்கு நடுவில் வாங்க வந்தவர்களை அவர் விரட்டிய கதையைத் தனியாக எழுதலாம். விரட்டியதாக அவருக்கே தெரியாது, அதுதான் கொடுமை. ஒருவர் ஆசையாக வந்து, நல்ல விலையும் சொல்லி, சுருட்டி எடுக்கப்போகிற நேரத்தில், "யாராச்சும் துணி கேட்டு வந்தா நான் உங்க வூட்டுக்கு வந்து பிரிச்சுப்பேன். அட்ரஸ் குடுத்துட்டுப் போங்க" என்பார். முதலில் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு பெங்களூர் தம்பதி, "கேட்கிறவர்களை நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். "நீங்க எதுக்கு நம்பணும்? எனக்குத் தெரியும் யாரோடதுன்னு" என்றார். தெரியும்தான். நோட்டு கிடையாது, பட்டியல் கிடையாது. எந்த ஒட்டில் விரல் வைத்துக் கேட்டாலும் ஆளைச் சொல்வார். இந்தப் பச்சை கடிகாரக் கடைக்காரர் சம்சாரம், இந்தக் கோடு போட்டது பேண்டு வாத்தியம் வாசிக்கிறவர், இது வேளாங்கண்ணிக்கு நடந்து போன அம்மா. எத்தனையோ நூறு பேர்.

பெரிய ஒட்டுக்கு இரண்டு வருடம் ஆனது. கடல். காலை ஆறரை மணிக் கடல், சூரியன் வந்துவிட்டது, ஆனால் படத்தில் சூரியன் இல்லை, தண்ணீர் மேல் விழுந்த அதன் மஞ்சள் மட்டும் நடுவே ஒரு பாதை மாதிரி நெளிந்து வரும். கடலுக்கான துணி முழுக்க வைத்திக்குப்பத்தில் வாங்கியது. லுங்கிகள், நைட்டிகள், ஒரு பழைய பள்ளிக்கூடத் தாவணி. மீன் வாங்கப் போகிற சாக்கில் ஒவ்வொரு வீடாகப் போவார், நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே. அந்த மஞ்சளுக்கு மட்டும் சரியான துணி கிடைக்கவே இல்லை. எட்டு மாதம் கடல் நடுவில் வெறுமையாகக் காத்திருந்தது.

கடைசியில் அஞ்சலை கொடுத்தார். எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுப்பவர். அன்றைக்கு அவர் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. மகள் முந்தின நாள் ஒரு பையனோடு போய்விட்டாள். அஞ்சலை டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாயம்மா, துணி துணின்னு கேப்பீங்களே, இந்தாங்க!" என்று ஒரு நூல் புடவையை எடுத்து வீசினார். கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, எலுமிச்சை மஞ்சளாக வெளுத்துப்போன புடவை. "அவ பொறந்தப்ப பச்சப் புள்ளையா இதுலதான் ஏந்தி வாங்கிப் போட்டேன். இனிமே இது எனக்கு எதுக்கு? கிழிச்சுப் போடுங்க."

அக்கா அதைக் கிழிக்கவா போகிறார்? கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "வேணும்னா வந்து கேளு அஞ்சல. எப்ப வேணாலும்."

"கேட்டா என்ன செருப்பால அடிங்க" என்றார் அஞ்சலை.

அந்தப் புடவையில் ஓரிடத்தையும் வெட்டாமல், கொசுவம் மாதிரி மடித்து, மடிப்பின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி நடுக்கடலில் பதித்தார். ஆறு கஜமும் உள்ளே. அதனால் அந்த இடம் உப்பி, உண்மையிலேயே ஒரு அலை எழும்பி வருவது போல இருந்தது. முசே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போவதும் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பதுமாக இருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. கண்காட்சிக்குத் தேதி குறித்தார். "விக்கறப்ப ஏதோ கண்டிஷன் சொல்வாங்களாமே?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். "அதெல்லாம் சும்மா பேச்சுக்கு முசே. நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றேன். அக்காவிடம், வாங்குகிறவர்களுக்கு முசே எல்லாம் சொல்லிக்கொள்வார் என்றேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. பதினொரு மணிக்கு டெம்போ வரவேண்டும். அக்கா கொக்கி எப்படி அடித்திருக்கிறார்கள் என்று பார்க்க கேலரிக்குப் போயிருந்தார். ஒட்டைச் சுருட்டி, வெள்ளை பெட்ஷீட் சுற்றி, சுவரோரமாகச் சாய்த்துவிட்டு நான் மட்டும் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். படியில் காலடி கேட்டது. டெம்போக்காரர் என்று எழுந்தால், அஞ்சலை. தலை நிறையப் பூ.

"பாயம்மா இல்லியா?"

"வெளிய போயிருக்காங்க. என்னக்கா?"

"நான் ஆயா ஆயிட்டேன் பாப்பா!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "பொட்டப் புள்ள. ராஜாத்தி மாதிரி இருக்குது. கோவம்லாம் எங்க போச்சுன்னே தெரியல, போ. வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிலேருந்து நேரா என் வூட்டுக்குத்தான் கூட்டியாறேன்."

"சூப்பர்க்கா."

"அந்த மஞ்சப் பொடவ வோணுமே. பச்ச ஒடம்ப புதுத்துணியில போடக் கூடாது. பழசு வேற ஆயிரம் கெடக்குது, ஆனா அவ ஆயி கெடந்ததுலயே இதயும் வாங்கணும்னு ஒரு ஆசை. செருப்பால அடிக்கச் சொன்னேன், அடிச்சிட்டே குடுக்கச் சொல்லு" என்று தானே சிரித்தார்.

இரண்டு வருடம். ஓட்டுத் தையலே ஏழு மாதம். நடுவிலிருந்து ஆறு கஜத்தை உருவினால் கடலில் என்ன மிச்சம் இருக்கும்? அக்கா வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பிளேடை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் வர இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை.

"அது போயிடுச்சுக்கா" என்றேன்.

"எங்க?"

"பிரான்சுக்கு. போன வாரமே அனுப்பிட்டாங்க."

அஞ்சலை நின்ற இடத்திலிருந்து அந்த வெள்ளை உருளை நாலடி தூரம்கூட இல்லை. அவர் அதைப் பார்க்கவே செய்தார். என்னையும் பார்த்தார்.

"பிரான்சுக்கா!" என்றார். "நானே தவளக்குப்பம் தாண்டினதில்ல. எம்பொடவ பிரான்சு போயிடுச்சா. சரி உடு. இருக்கட்டும். பாயம்மாகிட்ட புள்ள பொறந்திருக்குன்னு மட்டும் சொல்லு."

அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் அக்கா குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்.

கண்காட்சி நான் கனவு கண்டதை விடப் பெரிதாக நடந்தது. கடலுக்கு முன்னால் எப்போதும் கூட்டம். மூன்றாம் நாளே பாரீஸிலிருந்து வந்த ஒரு மதாம் அதை வாங்க, விற்றதற்கு அடையாளமாக ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டார்கள். நான் ஒரு வீடியோ போட்டேன். நன்றாக எடுத்திருந்தேன், இன்றைக்கும் சொல்வேன். கேமரா அந்த மஞ்சளில் ஆரம்பித்து மெல்லப் பின்வாங்கும். ஊரெல்லாம் சுற்றியது. சுற்ற வேண்டும் என்றுதானே போட்டேன்? யார் யாருக்குப் போகும் என்று யோசிக்கவில்லை. அஞ்சலையின் மருமகன் போனுக்கும் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாட்ச்மேன் ஏதோ தடுக்க, மீன் அன்னக்கூடையை வெளியே வைத்துவிட்டு அஞ்சலை உள்ளே வந்தார். அக்கா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இதான் பிரான்சா பாப்பா?" என்றார் அஞ்சலை.

அவ்வளவு பேருக்கு நடுவில், சாதாரணக் குரலில்.

அக்கா எழுந்து வந்தார். "என்ன அஞ்சல, பிரான்சுங்கற?" அஞ்சலை எல்லாம் சொன்னார். பூ வைத்துக்கொண்டு வந்தது, கேட்டது, நான் சொன்னது. சண்டை போடுகிற மாதிரி இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான். "புள்ள வந்து ஒம்போது நாள் ஆச்சு பாயம்மா. ஏதோ ஒரு பழைய துண்டுல போட்டேன். மொதத் துணி அதுதான்னு ஆயிப்போச்சு."

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நேராகப் போய், ஸ்டூல் மேல் ஏறி, கொக்கியிலிருந்து ஒட்டைக் கழற்ற ஆரம்பித்தார். முசே ஓடி வந்தார்.

"மதாம், மதாம்! இது வித்தாச்சு. நாளைக்கு எடுத்துட்டுப் போறாங்க!"

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்கள்ல? யாராச்சும் கேட்டா பிரிச்சுக் குடுப்பேன்னு?"

முசே என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். இந்த முறை பார்ப்பதற்கு எனக்கு ஜன்னல்கூட இல்லை.

தரையில் விரித்து உட்கார்ந்து பிரித்தார். ஒரு இழையையும் பிடுங்கவில்லை. ஒவ்வொரு தையலாக, பிளேடு முனையால். எதிரே அஞ்சலை சம்மணம் போட்டு உட்கார்ந்து, முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் வெளியே வரத் தொடங்கியது. ஒரு முழம். ஒரு கஜம். வந்துகொண்டே இருந்தது. சுவரில் விளிம்பு மட்டும் பார்த்தவர்கள் உள்ளே இவ்வளவு இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அது வர வர, எழும்பி நின்ற அலை அடங்கி, கடல் தட்டையாகி, நடுவில் கேலரியின் வெள்ளைத் தரை நீளமாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். ஒருவர், "இது பெர்ஃபார்மன்ஸா?" என்று முசேயிடம் கிசுகிசுக்க, முசே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "வீ, வீ, ஆமா, ஒரு மாதிரி" என்றார்.

மூன்று மணி நேரம். அஞ்சலை புடவையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். "வரேன் பாயம்மா. புள்ளயப் பாக்க வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாரீஸ் மதாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முசே அதன்பிறகு என் போனை எடுக்கவில்லை.

எல்லோரும் போனபிறகு நான்தான் வெடித்தேன். "ரெண்டு வருஷம்க்கா! ஒரே ஒரு தடவ இல்லன்னு சொன்னா என்ன? ஒரு பொடவைக்கு உலகத்துல வேற பொடவையே இல்லையா? நான் பொய் சொன்னது தப்புதான், ஆனா யாருக்காகச் சொன்னேன்?"

அவர் ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் இல்லன்னு சொன்னதில்லம்மா" என்றார். "நீ என் வாயால சொல்லிட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, டெம்போ வேண்டாம் என்று நடந்தே போனார். ஒரு பக்கம் அதிகமாகக் கனக்கிற அந்த உருளை, நடுவில் இப்போது மடங்கித் தொங்கியது.

அதற்குப் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான். பல நாள் மனதுக்குள் அவரோடு வாதாடினேன். ஒரு கலைஞர் என்றால் எங்கேயாவது ஒரு இடத்தில் இது என்னுடையது என்று சொல்ல வேண்டாமா? எல்லாமே கேட்பவர்களுடையது என்றால் அவர் செய்தது எது? இன்றைக்கும் இதில் நான் சொல்வது முழுத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதே நேரம், பூ வைத்துக்கொண்டு படியேறி வந்த அந்த அம்மாவின் முகத்தையும் தள்ள முடியவில்லை. ஒன்று மாற்றி ஒன்று.

கடைசியில் ஒரு நாள் வைத்திக்குப்பம் போனேன். குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வலைக்காரர் ஒருவருக்கு வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை உள்ளே தூளியில். கயிற்றில் அந்தப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் பார்த்தபோது உடல் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஊசித் துளைகள்.

"அக்கா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் பாப்பா. நீ சொன்னப்பவே பொய்னு தெரியும். மூல மூலயா முழிச்சியே." நண்டின் காலை ஒடித்தார். "படிச்ச புள்ள சொல்லுது, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். போயிட்டேன்."

புடவையைக் காட்டி, "ஓட்டை ஓட்டையா ஆயிடுச்சே" என்றேன்.

"அதுக்கென்ன, புள்ளைக்கு நல்லா காத்து வருது." பிறகு, "பாயம்மா எப்பிடி இருக்காங்க? போன வாரம் மீன் வாங்க வரல."

"நான் இப்பப் போறதில்லக்கா."

"ஏன்?"

"என்னன்னு சொல்லிப் போறது?"

அஞ்சலை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன வோணுமோ, போய்க் கேளு. மன்னிப்புன்னா மன்னிப்பு. கேட்டா இல்லன்னா சொல்லப்போவுது அந்த பொம்பள?"

ஸ்கூட்டியை எடுத்தேன். அந்தத் தெரு முனை வரைக்கும் போனேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏதோ புதிதாகக் காய்ந்துகொண்டிருந்தது, பாதி பச்சை, பாதி வெறுமை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் என்னவென்று பிடிபடவில்லை. இன்ஜினை நிறுத்தவில்லை. கேட்டால் மன்னிப்பைக் கொடுத்துவிடுவார், கொஞ்சமும் தயங்காமல், அந்த ஆட்டோக்காரருக்குச் சட்டையைக் கொடுத்த அதே மாதிரி. அதனால்தான் என்னால் அந்தப் படியில் கால் வைக்க முடியவில்லை.